ரோமாபுரி வரைக்கும் போன விரல்

ஓய்வுபெற்ற குருக்கள் தங்கும் இந்த இல்லத்துக்குப் பெரிய குருமடத்துப் பிள்ளைகள் அவ்வப்போது வந்து எங்களோடு பூசை கண்டு, காப்பி குடித்துவிட்டுப் போவார்கள். போன தடவை வந்தவர்களில் ஒருவன், கடைசி ஆண்டு படிக்கிறவன், டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான்: "சாமி, எழுந்தேற்றம் ஆனதுலேருந்து பூசை முடியற வரைக்கும் பெருவிரலையும் நடுவிரலையும் ஒட்ட வச்சிக்கினே இருக்கீங்களே, இன்னாத்துக்கு?"

"ஆள்காட்டி விரல் இல்லையே, அதனால்தான்" என்று கையை நீட்டினேன். பையன் காப்பியைச் சிந்திவிட்டான்.

அவன்மேல் குற்றமில்லை. அந்த விதியே இன்றைய பாடத்தில் இல்லை. எங்கள் காலத்தில், ஓஸ்தி என்று நாங்கள் சொல்லும் அந்த மெல்லிய கோதுமை அப்பத்தை அர்ச்சித்து உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றம் ஆனபின், அதைத் தொட்ட பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் குருவானவர் கழுவும்வரை பிரிக்கக்கூடாது. விரலில் ஒட்டிய துகளும் ஆண்டவருடைய திருவுடல் அல்லவா? இப்போது விதியைத் தளர்த்திவிட்டார்கள். பழகிய கை மட்டும் தளர மாட்டேன் என்கிறது. "எழுதிக் குடுங்க சாமி" என்றார்கள் பிள்ளைகள். வாயால் சொல்லச் சொன்னால் நடுவில் நான் சண்டைக்குப் போய்விடுவேன் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்க வேண்டும்.

நான் பாகூர்ப் பக்கமும் வில்லியனூர்ப் பக்கமுமாக மாறிமாறிப் பங்குகளில் இருந்தவன். கோயில் கூரை ஒழுகாமல் பார்த்துக்கொண்டேன். புருஷன் பெண்டாட்டி சண்டைகளில் இரண்டு பக்கமும் திட்டு வாங்கினேன். இதையெல்லாம் எந்தச் சாமியாரும் எழுதலாம். நான் குருவானதே ஒரு வழக்குக்குப் பிறகுதான். அதை நான்தான் எழுத வேண்டும்.

எனக்குச் சொந்த ஊர் குருவிநத்தம். ஆற்றங்கரை, நெல்லும் கரும்பும். ஊரில் கிறிஸ்தவக் குடும்பங்கள் கொஞ்சம். மற்றதெல்லாம் இந்துக் குடியானவர்கள். வெள்ளைக்காரர்களில் எங்களுக்குப் பிரெஞ்சுக்காரன். ஆற்றைத் தாண்டினால் கடலூர், அங்கே இங்கிலீஷ்காரன். சிறு வயதிலேயே புதுச்சேரிக்குப் படிக்கப் போனேன். லத்தீன் இலக்கணம், தத்துவம், வேதசாஸ்திரம் என்று ஆண்டுகள் போயின. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. படித்தேன், மறந்தேன், மறுபடி படித்தேன். குடுமித் தலையை மழித்துக்கொண்டு அங்கி போட்ட நாளில் அம்மா அழுதாள், அப்பா கரும்புக்குத் தண்ணீர் கட்ட நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார். அவ்வளவுதான்.

எழுத வேண்டியது எங்கள் சுப்பீரியர் சாமியைப் பற்றி. குருமடத்தின் தலைவர், பிரெஞ்சுக்காரர், ஒல்லி, தாடி மார்புவரை. தமிழைப் புத்தகத்தில் படித்தவராதலால் எங்களை 'நீர்' என்பார், சமையற்காரனையும் 'நீர்' என்பார், தோட்டத்தில் மேய வந்த ஆட்டையும் 'நீர் வெளியே போம்' என்றுதான் விரட்டுவார். கத்த மாட்டார். ஒரு கேள்வி கேட்பார். கேட்டுவிட்டு டப்பியைத் திறந்து மூக்குப்பொடியை இரண்டு விரலில் கிள்ளி எடுப்பார். பதில் வரும்வரை அதை மூக்குக்குக் கொண்டுபோக மாட்டார். அந்தக் கை அப்படியே அந்தரத்தில் நிற்கும். பொய் சொல்ல வந்தவனும் அந்தக் கையைப் பார்த்தால் உண்மையைச் சொல்லிவிடுவான், பாவம், மனுஷன் எவ்வளவு நேரம்தான் காத்திருப்பார் என்று.

கடைசி ஆண்டுகளில் பூசை செய்யும் முறையை அவரே கற்பித்தார். ஒத்திகைப் பூசை என்போம். எல்லாம் உண்மைப் பூசைபோலவே. ஓஸ்தி மட்டும் வெறும் அப்பம், பாத்திரத்தில் தண்ணீர். பீடத்தின்மேல் வெள்ளைத் துணிக்குப் பதிலாகக் கறுப்புத் துணியை விரித்து வைப்பார். அப்பத்தை இரண்டாக உடைத்து, ஒரு பாதியிலிருந்து மறுபடி ஒரு சிறு துண்டு கிள்ளி, எல்லாவற்றையும் பாத்திரத்தின் வாய்க்கு நேராகச் செய்ய வேண்டும். முடிந்ததும் சுப்பீரியர் சாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் கறுப்புத் துணியின்மேல் குனிவார். ஒரு வெள்ளைத் துகள் தெரிந்தாலும் "மறுபடியும் செய்யும்" என்பார். சங்கீதம் பாடத் தெரியாதவர்களும் லத்தீனில் உளறுகிறவர்களும் அவரிடம் தப்பித்ததுண்டு. கறுப்புத் துணியிடம் யாரும் தப்பித்ததில்லை.

விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது ஒரு விதியை வாசித்து அனுப்புவார்கள். அரிவாளைத் தொடாதே, ஏரைத் தொடாதே, கரும்பாலையில் உட்காராதே. அபிஷேகம் பெறப்போகும் கை. பெருவிரலோ ஆள்காட்டி விரலோ போனால் திருச்சபைச் சட்டப்படி குருவாக முடியாது. மேற்றிராணியார், அதாவது எங்கள் ஆயர், எழுதிக் கேட்டு ரோமாபுரி விலக்கு அளித்தால் ஒழிய.

காய்ச்சலில் கிடந்து எழுந்த என்னை உடம்பு தேறட்டும் என்று ஒரு தை மாதம் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது. மாணிக்கம் என்ற பக்கத்து நிலத்து இந்துக் குடியானவரிடம் ஓர் இரும்பு ஆலை இருந்தது; மாடு கட்டி இழுப்பது. அதை அவர் முறைவைத்து ஒவ்வொரு வீட்டுக் கரும்புக்கும் விடுவார். எங்கள் முறை வந்த அன்று உருளைக்குக் கரும்பு கொடுக்கிற ஆள் வரவில்லை. வெட்டிய கரும்பு வெயிலில் கிடக்கிறது. முறை தப்பினால் காய்ந்து சுள்ளியாகிவிடும். அப்பா கொப்பரையில் பாகு பதம் பார்த்துக்கொண்டிருந்தார், நகர முடியாது.

"டேய், செத்த ஒக்காந்து கரும்பக் குடுறா. இந்தப் பாகு எறங்கனதும் நான் வந்துடறேன்."

உட்கார்ந்தேன். தகப்பன் கூப்பிட்டால் உட்காராமல் இருப்பதற்கு எந்த வேதசாஸ்திரம் படித்திருக்க வேண்டும்? அதைத் தப்பென்று அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. ஒரு கோணல் கரும்பு உருளையில் சிக்கித் திரும்பியது. நிமிர்த்தப் போனேன். மாடு நிற்கவில்லை. அப்புறம் மாணிக்கம் மாட்டை அதட்டிய சத்தம் மட்டும் நினைவிருக்கிறது.

கடலூர்தான் பக்கம். கையை வேட்டித் துணியில் சுற்றி, வண்டியில் போட்டு ஆற்றைக் கடந்தார்கள். கரையில் இங்கிலீஷ் சுங்கக்காரன் வைக்கோலைக் கிளறி, பிரெஞ்சுச் சாராயம் இருக்கிறதா என்று பார்த்தான். துணியைப் பார்த்ததும் விட்டுவிட்டான். ஆஸ்பத்திரியில் வலது கை ஆள்காட்டி விரலை அடிக்கணுவோடு எடுத்துவிட்டார்கள்.

காயம் ஆறியதும் குருமடத்துக்குப் போனேன், பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்றுதான். சுப்பீரியர் சாமி கையை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். திட்டவில்லை. கேள்வி கேட்டார்.

"நீர் குருவாக விரும்புகிறீரா?"

பொடி விரலிடுக்கில் ஏறி நின்றது. "ஆமாம் சாமி" என்றேன். பொடி போட்டார்.

"அப்படியானால் மேற்றிராணியார் வழியாக ரோமாபுரிக்கு எழுதலாம். அவர்கள் இரண்டு காரியம் கேட்பார்கள். இந்தக் கை பூசையைப் பழுதின்றிச் செய்யுமா? இதைப் பார்த்து ஜனங்களின் மனம் கூசுமா? முதல் கேள்விக்கு நான் சாட்சி சொல்ல வேண்டும். இரண்டாவதற்கு ஜனங்கள்தாம் சொல்ல வேண்டும். நான் பொய்ச் சாட்சி சொல்ல மாட்டேன். பழகும்."

பழகுவதற்கு என்னை வில்லியனூர்க் கோயிலுக்கு அனுப்பினார். பகலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம். மற்ற நேரம் ஓஸ்தி சுடுவது. இரண்டு நீளக் கைப்பிடி வைத்த இரும்புத் தட்டுகளுக்கிடையே மாவை ஊற்றி அடுப்பில் காட்ட வேண்டும். வெந்த தகட்டை வட்டமாக வெட்டியது போக மிஞ்சிய ஓரங்கள் எல்லாம் எனக்குத்தான். பெருவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் வைத்து உடைப்பேன், உடைப்பேன், உடைத்துக்கொண்டே இருப்பேன். மாதா கோயில் திருவிழாவுக்குக் கூட்டம் அலைமோதியபோதும் நான் பின்கட்டில் உடைத்துக்கொண்டிருந்தேன்.

உடைப்பதுகூடப் பழகிவிட்டது. பாத்திரத்தின்மேல் இருக்கும் சதுர மூடியை எடுப்பதுதான் உயிரை வாங்கியது. மற்றவர்கள் பெருவிரலும் ஆள்காட்டியும் ஒட்டியிருக்க, ஆள்காட்டிக்கும் நடுவிரலுக்கும் நடுவே மூடியைக் கவ்வி எடுப்பார்கள். எனக்கு நடுவிரல் பெருவிரலோடு போய்விட்டதால் நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவேதான் கவ்வ வேண்டும். மோதிர விரலைப்போல் சோம்பேறி விரல் உடம்பில் வேறில்லை. மோதிரம் போட்டு உட்காரவைத்ததோடு சரி, ஆயுளில் ஒரு வேலை செய்ததில்லை. மூடி நழுவிப் பாத்திரத்தில் மோதும். கோபத்தில் எத்தனையோ தடவை அந்த மூடியை மூலையில் விட்டெறிந்திருக்கிறேன். போய் எடுத்து வருவதும் நானேதான்.

முதல் தடவை கறுப்புத் துணிமுன் நின்றபோது தும்பைப்பூ பூத்ததுபோல் துணியெல்லாம் வெள்ளை. "மறுபடியும்" என்றார். அடுத்த தடவை இரண்டு துகள். மழைக்காலம் கழிந்து மூன்றாம் தடவை நின்றேன். அவர் குனிந்தவர் நிமிரவே இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"என் சாட்சி ஆயிற்று. இனி உம்முடைய ஜனங்களிடம் போவோம்."

கலியாணத்துக்குக் கோயிலில் ஓலை வாசிப்பது எல்லாருக்கும் தெரியும். குருப்பட்டம் வாங்கப்போகிறவனுக்கும் ஓலை உண்டு. மூன்று ஞாயிறு அவனுடைய சொந்தப் பங்கில் பேரை வாசித்து, இவன் குருவாவதற்குத் தடை தெரிந்தவர் சொல்ல வேண்டும் என்று கேட்பார்கள். என் பேரை வாசித்த முதல் இரண்டு ஞாயிறும் யாரும் வாய் திறக்கவில்லை. மூன்றாவது ஞாயிறு சுப்பீரியர் சாமியே மாட்டுவண்டியில் வந்தார், என்னையும் ஏற்றிக்கொண்டு.

பூசை முடிந்தபின் என்னைப் பீடத்தடியில் நிறுத்தி, கையைத் தூக்கிக் காட்டச் சொன்னார். "இந்தக் கை தரும் ஓஸ்தியை நன்மையாக வாங்க உங்களில் எவருக்கேனும் மனம் கூசுமோ? கூசினால் வெட்கப்படாமல் சொல்லுங்கள்."

பெண்கள் பக்கத்திலிருந்து அந்தோணியம்மாள் எழுந்தாள். ஊரில் அவள் வாய்க்கு யாரும் வேலி போட்டதில்லை. "ஆல ஓடற ஊருல பத்து வெரலோட எவன் சாமி இருக்கான்? எம் புருசனுக்குந்தான் மூணு வெரலு இல்ல. நான் குடித்தனம் பண்ணலியா?"

கோயில் சிரித்தது. அவள் புருஷன் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். எனக்கு உயிர் வந்தது. அந்தச் சிரிப்பு அடங்குமுன்னே ஆண்கள் பக்கத்தில் இன்னொருவர் எழுந்தார். எங்கள் அப்பா.

"எனக்குக் கூசுது சாமி. நான் தட சொல்றேன்."

அப்பா என் பக்கம் திரும்பாமல் பீடத்தைப் பார்த்தே சொன்னார்.

"இவன் பொறந்து மூணாம் மாசம் பொழைக்க மாட்டான்னு வுட்டுட்டாங்க. பொழச்சா மாதாவுக்குக் குடுத்துடறேன்னு நேந்துக்கினேன். பொழச்சான். ஆனா கொறையிருக்கறத கோயிலுக்குக் குடுக்கலாமா? ஒரு சேவல நேந்துவுட்டாகூட நெகம் பேந்திருந்தா அத வுட்டுட்டு வேற சேவல்தான் புடிப்போம். இது புள்ள. வேற புள்ளைக்கி நான் எங்க போவேன்? கெடுத்தவனும் நாந்தான். நான்தான் ஆலையில ஒக்கார வச்சேன்."

சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

எனக்கு வந்தது அழுகை அல்ல, கோபம். வில்லியனூரில் ஓர் ஆண்டாக நான் உடைத்த அப்பத்தையெல்லாம் அவர்முன் கொட்ட வேண்டும்போலிருந்தது. ஓலைக்குச் சொன்ன தடையை மறைக்க முடியாது. எழுதித்தான் அனுப்ப வேண்டும். பெற்ற தகப்பனே கூசுகிறான் என்று எழுதிப் போனால் ரோமாபுரியில் யார் விலக்கு அளிப்பார்கள்? என் கதை அந்தக் கோயில் வாசலிலேயே முடிந்தது என்று நினைத்தேன். சுப்பீரியர் சாமியிடம் அதைச் சொன்னேன். "உம்முடைய தகப்பனார் இப்போது எங்கே இருப்பார்?" என்று மட்டும் கேட்டார்.

எங்கே இருப்பார்? தை மாதம், கொப்பரையடியில்தான். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யலாமா என்று அவரிடம் கேட்க அன்று யாருக்கும் தைரியமில்லை. மாணிக்கம் மாட்டை ஓட்டிக்கொண்டிருந்தார். சுப்பீரியர் சாமி வெள்ளை அங்கியோடு கரும்புச் சோகைமேல் உட்கார்ந்தார். அப்பா துடுப்பை நிறுத்தவில்லை.

"குறையுள்ளதை ஏற்பதில்லை என்று உமக்கு யார் சொன்னது?"

"யாருனா சொல்லணுமா சாமி? ஊருக்கே தெரியும்."

சாமி மாணிக்கத்தின் பக்கம் திரும்பினார். "உங்கள் கோயிலிலும் அப்படித்தானோ?" கேட்டுவிட்டு டப்பியைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்தார்.

மாணிக்கம் மாட்டை நிறுத்தினார். "ஆமா சாமி. மச்சான் சொல்றது நெசந்தான். கொறையிருந்தா நேந்துவுட மாட்டோம்."

போச்சு, இருந்த ஒரு கதவையும் இவரே சாத்திவிட்டாரே என்று நான் மாணிக்கத்தை முறைத்தேன். சாமி பொடியைப் போடவில்லை. கை அந்தரத்திலேயே நின்றது. மாணிக்கத்துக்கு அந்தக் கையின் வழக்கம் தெரியாது. ஆனாலும் தாம் இன்னும் ஏதோ சொல்ல வேண்டியிருக்கிறது என்று அவருக்கும் பட்டிருக்க வேண்டும். தலையைச் சொறிந்தார்.

"மச்சான், நீ நேந்துக்கினப்ப புள்ளைக்கிப் பத்து வெரலும் இருந்துச்சா?"

"இருந்துச்சி."

"கொண்டும்போயி அந்த மடத்துல வுட்டப்ப?"

"இருந்துச்சி. இன்னாத்துக்கு இப்ப அது?"

"அப்ப குடுத்தாச்சில்ல? குடுத்தப்பறம் அது உன் மாடா? போன வருசம் எங்கக் கோயில் மாடு வாய்க்கால்ல வுழுந்து கால ஒடிச்சிக்கிச்சி. நேந்துவுட்டவன் வூட்டுக்கா ஓட்டியாந்து கட்டினாங்க? கோயில்லதான் கட்டுப்போட்டு, தீனி போட்டாங்க. இன்னும் நொண்டிக்கினு அங்கதான் திரியுது. கொறையோட குடுக்கறதுதான் தப்பு. குடுத்தப்பறம் வந்த கொறைய வாங்கினவங்க பாத்துக்குவாங்க. திருப்பி ஓட்டியாற நீ யாரு?" கொஞ்சம் நிறுத்தி, "கோயில் மாட்டக் கேக்காம கொள்ளாம ஆலையில பூட்டின பாரு, அதுக்குதான் உன்ன ஒதைக்கணும்" என்றார்.

அப்பாவின் துடுப்பு நின்றுவிட்டது. பாகு விளிம்புவரை பொங்கி வந்தது. நான்தான் ஓடிப்போய் அடுப்பிலிருந்து கட்டையை இழுத்தேன். சுப்பீரியர் சாமி இத்தனை நேரம் பிடித்திருந்த பொடியை மறந்தே போய்க் கையை உதறினார். அது காற்றில் பறந்து மாணிக்கம் மூக்கில் ஏற, அவர் தும்மியதில் மாடுகள் மிரண்டு நாலடி இழுத்தன.

"தட இல்ல சாமி" என்றார் அப்பா, கொப்பரையைப் பார்த்துக்கொண்டே.

"எல்லார்முன்னும் சொன்னதை எல்லார்முன்னும்தான் எடுக்க வேண்டும். அடுத்த ஞாயிறு எழுந்து நின்று சொல்லும்."

சொன்னார். அந்தோணியம்மாள் "அதான் நான் அன்னிக்கே சொன்னேனே" என்று அடிக்குரலில் முணுமுணுத்தது பீடம்வரை கேட்டதாம். தடை எடுபட்ட அன்றே கொப்பரையடியிலிருந்து சுப்பீரியர் சாமியும் நானும் வண்டியில் திரும்பியிருந்தோம். வில்லியனூர் வந்தபிறகு, "அந்த மனிதர் சொன்னதை அப்படியே ரோமாபுரிக்கு எழுதத்தான் போகிறேன். நொண்டி மாட்டுக்கு நல்ல லத்தீன்தான் அகப்படவில்லை" என்றார்.

கடிதம் கப்பலில் போய், கப்பலில் பதில் வர மாதங்கள் ஆயின. விலக்கு கிடைத்தது. பங்கு வேலைக்குப் போகப்போகிற பிள்ளைகளே, காத்திருக்கும்போது கையைச் சும்மா வைக்காதீர்கள் என்று மட்டும் சொல்வேன். நான் அந்த மாதங்களிலும் அப்பம் உடைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

பட்டம் வாங்கிய நாளில் மேற்றிராணியார் என் உள்ளங்கைகளில் எண்ணெய் பூசினார். ஒரு கையின் பெருவிரலிலிருந்து மறு கையின் ஆள்காட்டிக்குச் சிலுவைபோல் இழுக்க வேண்டும். வலது கையில் விரல் இல்லாத இடத்துக்கு வந்ததும் ஒரு கணம் தயங்கினார். பிறகு அந்த மொட்டையின்மேலேயே நிதானமாகப் பூசினார்.

புதுக்குருவின் உள்ளங்கையை முத்தம் செய்வது எங்கள் வழக்கம். கோயில் வாசலில் நின்றேன். குருவிநத்தமே வந்திருந்தது. அம்மா "சாமி" என்று குனிந்தாள். என்னைத் தூக்கி வளர்த்த அத்தைகள் "சாமி" என்றார்கள். மாணிக்கம்கூடத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "நல்லாருங்க சாமி" என்றார். எனக்குக் கூச்சமாக இருந்தது.

அப்பா கடைசியில் வந்தார். என் வலது கையை இரண்டு கையாலும் வாங்கினார். வெல்லம் காய்ச்சிக் காய்த்துப்போன கைகள். குனிந்து முத்தம் செய்தவர் நிமிரவில்லை. அந்த மொட்டை விரலைப் பெருவிரலால் தடவிக்கொண்டே நின்றார். ஆலையில் விரல் போன நாளிலிருந்து கரும்பைப் பற்றி, ஆஸ்பத்திரியைப் பற்றி, தடையைப் பற்றியெல்லாம் பேசியிருக்கிறார். இதை மட்டும் கேட்டதில்லை.

"ரொம்ப வலிச்சிதாடா?"

சுற்றி நின்றவர்கள், சாமியைப் போய் 'டா' என்கிறாரே என்று அவர் தோளை இடித்தார்கள். நான் அவர் கையை விடவில்லை.

"வலிச்சிதுப்பா" என்றேன்.